படிக்கட்டா? தடுப்புச் சுவரா?

கதவைத் திறந்து வைத்துவிட்டோம் என்று பெருமை பேசுவது எளிது. திறந்த கதவு வழியே உள்ளே சென்றவர்களில் எத்தனை பேர் மறுபுறம் கரையேறினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது கடினம். முன்னதைச் செய்ய மேடை போதும். பின்னதைச் செய்ய மனசாட்சி வேண்டும். உலகின் செல்வச் சீமை என்று போற்றப்படும் அமெரிக்காவிலே, அதிலும் கலிபோர்னியா மாநிலத்திலே, எண்ணிப் பார்க்கும் அந்தப் பணியைச் சிலர் மேற்கொண்டார்கள். அவர்கள் கண்டது என்ன, அதனால் விளைந்தது என்ன என்பதைத் தோழர்கள் அறிந்திடுதல் நலம்.

கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள் அவற்றில் பயில்கிறார்கள். அந்த மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், மாணவர்களை மூன்று வரிசையாக நிறுத்திற்று. முதல் எட்டில் ஒரு பங்கினருக்குப் பெரும் பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம். எஞ்சிய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரி. அங்கே இரண்டாண்டு பயின்று, தேறி, பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம் என்பது ஏற்பாடு. பகலெல்லாம் உழைத்து மாலையிலே படிக்க வரும் தொழிலாளி, குழந்தையை இடுப்பிலே சுமந்தபடி ஏட்டைப் புரட்டும் தாய், குடியேறி வந்த குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகத் துடிக்கும் இளைஞன், இவர்களுக்கெல்லாம் அந்தக் கல்லூரியே ஏணி.

ஆனால் அந்த ஏணியின் அடியிலே ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். தரம் பிரிக்கும் தேர்வு என்பது அவன் பெயர். சேர்ந்த அன்றே, முன்னறிவிப்பும் பயிற்சியும் பெரும்பாலும் இன்றி, கணிப்பொறியின் முன் அமர்ந்து சில கேள்விகளுக்கு விடை தரவேண்டும். அந்தச் சிறு பொழுதின் மதிப்பெண்ணே தலையெழுத்தாகிவிடும். நான்காண்டு உயர்நிலைப் பள்ளியிலே பெற்ற மதிப்பெண்கள் பெட்டியிலே உறங்கும். ‘உனக்கு அடிப்படைத் திறன் போதாது’ என்று கூறி, கல்லூரிப் பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்புவார்கள். ஒரு வகுப்பு அல்ல. சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று, சிலருக்கு அதற்கும் மேல்!

படிப்படியாக ஏற்றுவது நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று அடிப்படை வகுப்பு, அதன்பின் ஒரு கல்லூரித் தர வகுப்பு. ஆக நான்கு வாயில்கள். ஒவ்வொன்றிலும் பத்தில் ஏழு பேர் தேறுவதாகக் கொள்வோம். தேறியவரில் பத்தில் எட்டுப் பேர் அடுத்த வகுப்பில் சேர்வதாகவும் கொள்வோம். மோசமான கணக்கல்ல, தாராளமான கணக்கே. 100 பேர் தொடங்கினால் முதல் வகுப்பில் தேறுவோர் 70, அடுத்ததில் சேர்வோர் 56, தேறுவோர் 39, சேர்வோர் 31, தேறுவோர் 22, கல்லூரித் தர வகுப்பை எட்டுவோர் 18, அதிலும் தேறுவோர் 12. நூற்றுக்குப் பன்னிரண்டு! எந்த ஓர் ஆசிரியரும் தவறு செய்யவில்லை. எந்த ஒரு வகுப்பும் தோல்வி என்று பெயர் எடுக்கவில்லை. ஆயினும் 88 பேர் காணாமற் போனார்கள். படிக்கட்டு என்று எண்ணிக் கட்டியது தடுப்புச் சுவராக நின்றது!

இது வெறும் ஏட்டுக் கணக்கா? அன்று. கலிபோர்னியப் பொதுக் கொள்கை ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, சமுதாயக் கல்லூரிகளிலே புதிதாகச் சேர்ந்தவர்களில் 80 விழுக்காட்டினர் அடிப்படை வகுப்புக்கு ஆட்பட்டதைக் காட்டிற்று. கணிதத்தில் அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் கல்லூரித் தரக் கணிதத்தை என்றேனும் நல்ல முறையில் கடந்தவர் 27 விழுக்காடே. ஆங்கிலத்தில் 44 விழுக்காடு. இந்தச் சுழலிலே பெரிதும் சிக்கியவர்கள் கறுப்பின மாணவர்களும், இலத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர்களும்.

‘அவர்களுக்குத் திறமையில்லை, அதனால் வீழ்ந்தார்கள்’ என்று வாதிட்டவர் உண்டு. அந்த வாதத்தின் முதுகெலும்பை முறித்தது மாணவர்களைப் பற்றிய புள்ளிவிவரமேயாகும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தினர், தேர்வு மதிப்பெண்ணையும் பள்ளி மதிப்பெண்ணையும் பின்னாளில் மாணவர் பெற்ற தேர்ச்சியையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார்கள். கணிதத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும், ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களில் மூன்றில் ஒருவரும், தமக்குப் பொருந்தாத வகுப்பிலே தள்ளப்பட்டிருந்தார்கள்! பல ஆண்டு உழைப்பைக் காட்டும் பள்ளி மதிப்பெண், சில மணித்துளித் தேர்வைவிட நம்பத்தக்கது என்பதும் தெளிவாயிற்று. ‘காம்பஸ்’ என்ற பெயரில் பெருவழக்காக இருந்த தரம் பிரிக்கும் தேர்வை, அதை நடத்திவந்த அமைப்பே 2016ஆம் ஆண்டோடு கைவிட்டது. தராசு பழுது என்று தராசுக்காரரே ஒப்புக்கொண்ட பின்னர், அந்தத் தராசிலே நிறுத்து ‘எடை குறைவு’ என்று விரட்டப்பட்டவர்களின் இழந்த ஆண்டுகளுக்கு யார் ஈடு தருவார்?

லாங் பீச் நகரக் கல்லூரி 2012இலேயே துணிந்து புதுவழி கண்டது. அந்நகரப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களைப் பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டே வகுப்பில் அமர்த்திற்று. நேரே கல்லூரித் தர வகுப்பில் அமர்ந்தோர் தொகை பன்மடங்கு பெருகிற்று. வானம் இடிந்து விழவில்லை! அதன் பின்னரே 2017 அக்டோபரில் மாநில அரசு சட்டம் இயற்றிற்று. கல்லூரித் தர வகுப்பில் தேறுவது மிக மிக அரிது என்று மெய்ப்பித்தாலன்றி எவரையும் அடிப்படை வகுப்புக்குத் தள்ளக்கூடாது. பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்றது சட்டம். இதுவரை ‘நான் தகுதியுடையவன்’ என்று மாணவன் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இனி, ‘இவன் தகுதியற்றவன்’ என்று கல்லூரி மெய்ப்பிக்கவேண்டும்! 2022இல் மற்றொரு சட்டம் இதனை மேலும் இறுக்கிற்று.

பயன் என்ன? 2015இல், முதன்முதலாகக் கணிதம் பயின்றவர்களில் ஐந்தில் ஒருவரே கல்லூரித் தர வகுப்பில் தொடங்கினார். 2019 இலையுதிர் பருவத்திலோ ஐந்தில் ஏறத்தாழ நால்வர். ஒரே பருவத்தில் அந்த வகுப்பைக் கடந்தோர் 14 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தனர்.

‘அப்படியானால் எஞ்சிய 60 விழுக்காடு?’ என்று கேட்கிறார்கள் எதிர்ப்போர். நியாயமான கேள்வி, நழுவிடக் கூடாத கேள்வி. ஆழத்திலே இறக்கிவிட்டு, நீந்திக் கரையேறு என்று கூறுவது சமநீதி ஆகாது. இனங்களுக்கிடையே உள்ள இடைவெளியும் மறைந்துவிடவில்லை. ஆனால் விடை பழைய சுவரை மீண்டும் எழுப்புவதிலே இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் 2013இல் ஒரு சோதனை நடத்தினார்கள். அடிப்படை இயற்கணிதத்துக்கு அனுப்பப்படவேண்டிய மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான அடிப்படை வகுப்பில் அமர்ந்தனர். தேறியோர் 39 விழுக்காடு. இன்னொரு பிரிவினர் நேரே கல்லூரித் தரப் புள்ளியியல் வகுப்பில் அமர்ந்தனர்; வாரந்தோறும் துணைப் பயிற்சியும் பெற்றனர்; தேறியோர் 56 விழுக்காடு! கடினமான பாடம், கைகொடுக்கும் துணை. இரண்டும் சேர்ந்தால் வெற்றி.

ஆகவே புள்ளிவிவரம் வாழ்க என்று முழங்கிவிடலாமா? பொறுங்கள். கத்தி, மருத்துவர் கையிலும் இருக்கும். மற்றவர் கையிலும் இருக்கும். 2015இல், மேரிலாந்து மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலே, புது மாணவர்களிடம் கேள்வித்தாள் தந்து, தளரக்கூடியவர் யாரென்று அறிந்து, கணக்கெடுப்பு நாளுக்கு முன்பே அவர்களில் சிலரை வெளியேற்றிவிட்டால் ஏட்டிலே விழுக்காடு உயர்ந்து தோன்றும் என்று தலைவர் திட்டம் தீட்டினார். மாணவர் இதழ் அதை அம்பலமாக்கிற்று. தலைவர் பதவி விலகினார். துணை தேவைப்படுவோர் யாரென்று காட்டுவதும் அதே கணக்கு. துரத்தப்பட வேண்டியவர் யாரென்று காட்டுவதும் அதே கணக்கு! எனவே, கணக்கு எடுக்கப்படுகிறதா என்பதோடு நின்றுவிடாமல், அது யாருக்காக எடுக்கப்படுகிறது என்றும் கேட்டாகவேண்டும்.

அதற்கு மூன்று உரைகல் போதும். முதலாவது, கணக்கு மாணவனை மட்டுமின்றி நிறுவனத்தையும் அளக்கவேண்டும். எந்த வாயிலில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள், அவர்கள் எந்த இனத்தவர், எவ்வளவு வருவாய்க் குடும்பத்தவர் என்பது பொதுமக்கள் அறிய வெளிவரவேண்டும். தனி மாணவனின் குறையோ வெளியார் கண்ணுக்கு மறைவாக இருக்கவேண்டும். இரண்டாவது, அது ஆசிரியர் முதுகிலே விழும் சவுக்காகாமல், அவர் கையிலே விளக்காக வேண்டும். அந்தக் கல்லூரிகளிலே பாடம் நடத்துவோரில் பெரும்பாலோர் பகுதிநேரப் பணியாளர். கூடிப் பேசவும் பாடத்தைத் திருத்தவும் ஊதியத்தோடு நேரம் தராமல், அட்டவணையை மட்டும் அவர்கள் மேசையிலே வீசுவது வீண். மூன்றாவது, கணக்குக் காட்டிய வழியிலே பணம் செல்லவேண்டும். துணைப் பயிற்சிக்கு நிதியில்லை என்று கைவிரிக்கும் ஆட்சி, புள்ளிவிவரம் வெளியிடுவது நோயைச் சொல்லி மருந்தை மறுப்பதாகும்.

தகுதி, திறமை என்ற சொற்களைத் தாழ்ப்பாளாக்கி உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியவர்களுக்கு, அந்த மாணவர்களின் தேர்ச்சி ஏடுகளே விடை கூறிவிட்டன. வாய்ப்பு மறுக்கப்பட்ட இடத்தையெல்லாம் திறமையின்மை என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதியதைத் திருத்தும் காலம் இது. எண்ணுங்கள், ஒருவரும் விடுபடாமல் எண்ணுங்கள். கழித்துக் கட்டுவதற்காக அல்ல, கைதூக்கி விடுவதற்காக!