பயிற்சிக்களத்தின் படம்: ‘கேப்டன்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ்’

1942 பிப்ரவரியில் வெளிவந்த ‘கேப்டன்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ்’ வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. மைக்கேல் கர்டிஸ் இயக்கினார். ஜேம்ஸ் காக்னி நாயகன். காக்னிக்கு இது முதல் வண்ணப்படம். போர்க்காலத்தில் ஹாலிவுட் எடுத்த விமானப் படங்கள் பெரும்பாலும் வான்சண்டையையே நம்பியிருந்தன. சண்டைக்கு முன்னால் ஒருவன் விமானியாக எப்படி உருவாக்கப்படுகிறான் என்பதைத் திரைக்குக் கொண்டுவந்தவை குறைவு. அந்தக் குறைவானவற்றுள் இதற்குத் தனி இடம் உண்டு. காரணம் கதையன்று, படம் பிடிக்கப்பட்ட இடங்கள்.

அந்த இடங்கள் ‘பிரிட்டிஷ் காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்ட’த்தைச் சேர்ந்தவை. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளும் 1939 டிசம்பர் 17 அன்று இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பகை விமானங்கள் எட்டமுடியாத தொலைவு, தடையில்லாத பரந்த வானம், அமெரிக்கத் தொழிற்சாலைகளின் அருகாமை ஆகியவற்றால் கனடா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1945 வரை அங்கே 1,31,000-க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் பயிற்சி முடித்தனர். அவர்களில் ஏறக்குறைய 50,000 பேர் விமானிகள். மற்றவர்கள் வழிகாட்டிகள், குண்டுவீச்சாளர்கள், வானொலி இயக்குநர்கள், துப்பாக்கி வீரர்கள்.

விமானியாக வருபவர் முதலில் தொடக்கப் பயிற்சிப் பள்ளியில் கணக்கும் வழியறிதலும் படிப்பார். தரையில் நிற்கும் லிங்க் பயிற்சிக் கருவிக்குள் அமர்ந்து கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகுவார். அடுத்த கட்டத்தில் டைகர் மாத் போன்ற இரட்டை இறக்கை விமானம். அதில் தேறியவர்கள் பிரிக்கப்படுவார்கள்: சண்டை விமானத்துக்குரியவர்கள் ஒற்றை எஞ்சின் ஹார்வர்டுக்கும், குண்டுவீச்சு விமானத்துக்குரியவர்கள் ஆன்சன் போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களுக்கும் போவார்கள். எல்லாம் முடிந்தால் மார்பில் சிறகுச் சின்னம் ஏறும். இந்த ஏணியில் எந்தப் படியிலும் ஒருவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் பயிற்சியாளரின் கையில் இருந்தது.

படத்தின் கதை இந்த ஏணிக்கு வெளியிலிருந்து தொடங்குகிறது. வட ஒன்டாரியோவின் ஏரிகளில் மிதவை விமானம் இறக்கிப் பிழைக்கும் காட்டு விமானிகளில் பிரையன் மக்லீன் ஒருவன். மற்றவர்களின் வாடிக்கையாளர்களைக் கூசாமல் தட்டிப் பறிப்பவன். டன்கிர்க் பின்வாங்கலுக்குப் பிறகு சர்ச்சிலின் உரையைக் கேட்டு அவனும் கூட்டாளிகளும் விமானப்படையில் சேரப் போகிறார்கள். சண்டை விமானம் ஓட்ட வயது கடந்துவிட்டது, வேண்டுமானால் பயிற்சி கொடுங்கள் என்கிறது படை. ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்தவர்கள் முதல்முறையாக விதிப்புத்தகத்துக்கு முன் உட்காருகிறார்கள். படத்தின் உயிரான பகுதி இதுதான். சொந்தத் துணிச்சலை நம்பி வாழ்ந்தவன் இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க நேரும்போது, அவனுடைய திறமையே இடையூறாகிறது. ஒழுங்கை மீறிய பறத்தலால் மாணவனை ஆபத்துக்குள்ளாக்கி, மக்லீன் படையிலிருந்து நீக்கப்படுகிறான்.

1941 கோடையில் படக்குழு கனடாவுக்குச் சென்றது. ஏரிக் காட்சிகள் நார்த் பே பகுதியில் எடுக்கப்பட்டன. ஒட்டாவா அருகே உள்ள அப்லாண்ட்ஸ் உள்ளிட்ட தளங்களை ராயல் கனடிய விமானப்படை திறந்துவிட்டது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. ஹாலிவுட் போருக்குத் தூண்டுகிறது என்ற குற்றச்சாட்டை அமெரிக்க செனட்டின் துணைக்குழு அந்த ஆண்டு செப்டம்பரில் விசாரித்தது. வார்னர் பிரதர்ஸின் தலைவர் ஹாரி வார்னர் அதன் முன் சாட்சியம் அளித்தார். அந்தச் சூழலில் இப்படி ஒரு படம் எடுக்கத் துணிந்ததற்கு அந்நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்லாண்ட்ஸில் எடுத்த சிறகளிப்பு விழாவைத் தனியாகவே பார்க்கலாம். மஞ்சள் வண்ணம் பூசிய பயிற்சி விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்னே அணிவகுத்திருப்பவர்கள் உண்மையான பயிற்சி மாணவர்கள். சின்னத்தைக் குத்திவிடுபவர் ஏர் மார்ஷல் பில்லி பிஷப். முதல் உலகப்போரில் 72 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ள, விக்டோரியா சிலுவை பெற்ற பிஷப்பே நேரில் வந்து தம் பெயரிலேயே நடித்தார். டெக்னிகலரின் அடர்ந்த மஞ்சளும் நீலமும் அந்த நாளை இன்றும் மங்காமல் வைத்திருக்கின்றன. அந்த இளைஞர்களின் முகங்களில் ஒப்பனை இல்லை, நடிப்பும் இல்லை.

கதையில் அதே விழாவின்மீதுதான் மக்லீனும் அவன் நண்பன் டைனியும் குடித்துவிட்டுத் தாழப் பறந்து கலாட்டா செய்கிறார்கள். டைனியின் விமானம் விழுந்து அவன் இறக்கிறான். பறக்கும் உரிமத்தை இழந்த மக்லீன், செத்த நண்பனின் பெயரில் மீண்டும் நுழைந்து, ஆயுதமில்லாத ஹட்சன் விமானத்தை அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோகும் வேலையில் சேர்கிறான். வழியில் ஜெர்மன் சண்டை விமானம் தாக்க, தன் விமானத்தை அதன்மீது மோதி மற்றவர்களைக் காப்பாற்றுகிறான்.

இந்த முடிவு விறுவிறுப்பானது. ஆனால் படம் அதுவரை சொல்லிவந்ததைக் கைவிடுகிறது. விதிக்கு அடங்காதவனால் படைக்குக் கேடு என்று ஒரு மணிநேரத்துக்கு மேல் நிறுவிவிட்டு, அந்த அடங்காமையாலேயே அவனை நாயகனாக்குகிறது. பயிற்சியாளர் வேலை அவனுக்கு வாய்த்த இரண்டாம் தரப் பரிசு போலவே எஞ்சிவிடுகிறது. உண்மையில் திட்டம் நிலைத்து நின்றதே அந்த வேலையால்தான். முன்வரிசைக்குப் போகத் துடித்த பல இளம் விமானிகள், நன்றாகப் பறந்த காரணத்துக்காகவே கனடாவில் நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு நாளும் புதியவர்களின் தவறுகளோடு விண்ணேறி இறங்கினார்கள். அது ஆபத்தில்லாத வேலையும் அல்ல: பயிற்சி விபத்துகளில் 856 பேர் உயிரிழந்தனர்.

படம் திரைக்கு வந்தபோது பேர்ல் ஹார்பர் தாக்குதல் முடிந்து, அமெரிக்கா போரில் இறங்கி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. பிரச்சாரம் என்ற முணுமுணுப்புக்கு இடமில்லை. வண்ண ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. இரண்டில் ஒளிப்பதிவுக்கான பரிந்துரை முழுக்கத் தகுதியானது.