ஸ்கேனுக்கு முன் ஒரு லிட்டர்

புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேருபவர்களுக்கு வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. குடல்வால் அழற்சி அதிகம் தாக்குவதும் 10 முதல் 30 வயதுக்குள்தான். தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது. வாந்தி, லேசான காய்ச்சல், பசியின்மை. அமெரிக்க சர்ஜன் சார்லஸ் மெக்பர்னி 1889-ல் சுட்டிக்காட்டிய இடத்தில் அழுத்தினால் துடித்துப்போகிறார் நோயாளி.

எல்லா வலியும் இப்படிப் பாடப் புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை. சிறுநீரகக் கல், குடலில் நெறிகட்டுதல், பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி - இவையும் அதே இடத்தில்தான் வலிக்கும். ஸ்கேன் வசதி பரவாத நாட்களில், ஆபரேஷன் செய்யப்பட்ட ஐந்து பேரில் ஒருவருக்கு வரைகூட குடல்வால் நன்றாகவே இருந்தது.

லண்டனில் 1971-ல் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்த சி.டி. ஸ்கேன், பிற்பாடு வயிற்றுக்கும் வந்தது. ஆனால் வயிற்றில் ஒரு சிக்கல். சுருண்டு கிடக்கும் குடல்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். அதனால் பேரியம் அல்லது அயோடின் கலந்த 'கான்ட்ராஸ்ட்' திரவத்தைக் குடிக்கச் சொன்னார்கள். அது போகும் குடல் படத்தில் வெள்ளையாகத் தெரியும். குடல்வாலின் நுனிவரை அது நிரம்பிவிட்டால் அங்கே அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, சுற்றியுள்ள கொழுப்பும் கலங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். ஏறக்குறைய ஒரு லிட்டர் திரவம் பெருங்குடலின் வாசலை எட்ட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். குமட்டலில் தவிப்பவர் அதைக் குடிப்பதே பெரும்பாடு. பாதி வாந்தியாக வெளியே வந்துவிடும். உடனே ஆபரேஷன் என்றால், நிரம்பிய வயிறு மயக்க மருந்து டாக்டருக்குக் கவலை. நேரம் நீள நீள, குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவும் ஆபத்தும் ஏறுகிறது.

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 100 நோயாளிகளுக்கு, வாய்வழியாக அல்லாமல் ஆசனவாய் வழியே திரவத்தைச் செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். 1998-ல் வெளியான முடிவு: 98 சதவீதம் சரி. பிறகு வந்த நவீன ஸ்கேனர்கள் வயிற்றை மெல்லிய மெல்லிய துண்டுகளாகக் காட்டத் தொடங்கின. வாய்வழித் திரவம் இல்லாத ஸ்கேன் துல்லியத்தில் சளைத்ததல்ல என்று 2005-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று சொன்னது. இன்று பல மருத்துவமனைகளில் ரத்தக்குழாயில் போடும் ஊசி மட்டும்தான்.

அப்படியானால் அந்த ஒரு லிட்டருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. குடல்வாலைப் பிரித்துக் காட்டுவது அதைச் சுற்றியுள்ள கொழுப்புதான். ஓடி, நீந்தி, அணிவகுத்து உடம்பில் சதைப்பிடிப்பே இல்லாத ராணுவ மாணவர்களைப் போன்ற ஒல்லிப் பேர்வழிகளிடம் அந்தக் கொழுப்பு குறைவு. குடலும் குடல்வாலும் ஒட்டிக்கொண்டு தெரியும். அவசரம் இல்லாவிட்டால், இவர்களுக்குத் திரவம் உதவலாம் என்று கருதும் ரேடியாலஜிஸ்டுகள் இருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட்தான் முதல் தேர்வு. ஊசி போடுமுன் அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வயிற்றுவலி என்றதும் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைப்பது. வீங்கிய குடல்வாலை அது வெடிக்க வைக்கலாம். வலி வலப்பக்கம் இறங்கினால், சாப்பாட்டை நிறுத்திவிட்டு நேரே டாக்டரிடம் போவதே புத்திசாலித்தனம். குடிக்கச் சொல்லி டம்ளரை நீட்டினால், "இது எனக்குக் கட்டாயம் தேவையா, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?" என்று நோயாளி தாராளமாகக் கேட்கலாம்.