தண்டோராவுக்குப் பின்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவரில், முதற்பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்களைப் புகழாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. முப்பது குடும்புகளையும், கால் வேலி நிலத்தையும், முப்பத்தைந்து முதல் எழுபது வரையிலான வயது வரம்பையும், கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்ற கண்டிப்பையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால், அவ்வட்டாரத்திலேயே செய்யாற்றங்கரையில் இருக்கும் காவாந்தண்டலத்துக்காரனாகிய என் மனம் ஈடுபடுவது வேறொரு விஷயத்தில். விதிகளை ஓலையில் எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், போவோர் வருவோர் கண்ணில் படும்படி சுவரில் வெட்டினார்கள். ஓலை எடுக்கும் நாளில் பாலரும் விருத்தரும் உட்பட மகாசபையைக் கூட்டி, குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டினார்கள். ஜனங்களின் கண்ணையும் காதையும் எட்டியதுதான் அறிவிப்பு என்பது அவர்கள் கொள்கை.

அந்தக் கொள்கை பிற்காலத்தில் தண்டோராவாக எங்கள் தெருக்களில் நடமாடியது. தமுக்கு ஒலித்தால் அடுப்படியில் இருப்பவளும் திண்ணையில் படுத்திருப்பவரும் ஒரு கணம் செவி சாய்ப்பார்கள். 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்துச் செய்தி சொல்லுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பிறப்பின் பேரால் சிலர் தலையில் மட்டும் சுமத்தப்பட்டிருந்த அந்தப் பணி ஒழிந்தது முற்றிலும் நியாயமே; அதற்காக வருந்துபவன் அல்லன் நான். என் வருத்தமெல்லாம், தமுக்கு போன இடத்துக்கு ஒலிபெருக்கி எப்போதோ வருகிறது, பெரும்பாலான அறிவிப்புகளோ ஓசைப்படாமல் இணையதளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன என்பதுதான்.

எங்கள் தெருவில் பட்டம் பெற்ற பெண் ஒருத்தி, ஒரு ஸ்தாபனத்தின் வேலைவாய்ப்பு அறிவிப்பை எதிர்பார்த்து, நாள் தவறாமல் பதினோரு நாட்கள் அதன் இணையதளத்தைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் நாற்று நடவு. அதற்கடுத்த சில நாட்கள் வீட்டில் ஆஸ்பத்திரி அலைச்சல். மறுபடி பார்த்தபோது அறிவிப்பும் வந்திருந்தது, விண்ணப்பிக்கும் கடைசி நாளும் கடந்திருந்தது. அந்தப் பெண்ணின் அஜாக்கிரதை என்று இதைச் சொல்லுவோர் உண்டு. நாள்தோறும் வாசலில் வந்து நின்று, 'ஏதாவது உண்டா?' என்று பிரஜை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நிர்வாக தர்மத்தில் சேர்த்தி என்று நான் அவர்களைக் கேட்கிறேன்.

இதற்கு ஓர் உபாயம் இருக்கிறது. அதுவும் பெரும் பொருட்செலவின்றிக் கைக்கு எட்டுவது. டிஸ்டில், விஷுவல்பிங் போன்ற காவல் நிரல்கள், நாம் குறித்துக் கொடுத்த பக்கத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாமே சென்று பார்த்து, முன்பு எடுத்துவைத்த பிரதியோடு ஒப்பிட்டு, ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குரல் கொடுக்கின்றன. ஸாப்பியர், என்8என் போன்ற இடைத்தரகர்கள் அந்தக் குரலைக் கேட்டு, அதில் உள்ள தேதியைப் பிரித்தெடுத்து, கூகுள் காலண்டரில் ஒரு குறிப்பாக எழுதி, மூன்று நாள் முன்னதாகக் கைப்பேசியில் மணி அடிக்கச் செய்கின்றன. தெருவுக்கு ஒரு பொறியியல் பட்டதாரி இருக்கும் இந்நாளில், இதை அமைத்துக் கொடுக்க ஆள் தேடிச் சென்னைக்குப் போகவேண்டியதில்லை.

காலண்டரில் ஏற்றுவது ஏன், ஒரு குறுஞ்செய்தி போதாதா என்று கேட்கலாம். சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் ஆணியில் தொங்காத வீடு நம் பக்கத்தில் அபூர்வம்; ராகு காலம் பார்ப்பதும், கியாஸ் சிலிண்டர் வந்த நாளையும் பால் கணக்கையும் ஓரத்தில் கிறுக்குவதும் அதில்தான். செய்தி வந்த கணத்தில் அதைப் படித்துவிட்டு மறந்துபோவது மனித சுபாவம். நாளோடு கட்டிவைத்த செய்தியோ அந்த நாள் நெருங்கும்போது தானாக எதிரே வந்து நிற்கும். சித்திரை முதல் நாள் கோயிலில் கூடி பஞ்சாங்கம் வாசிக்கக் கேட்ட சமூகத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால், எந்திரத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலில் ஓர் அரசு இணையதளத்துக்கு இப்படிக் காவல் வைத்தபோது, ஒரே நாளில் எட்டு முறை மணி அடித்தது. எட்டு முறையும் ஓடிப் பார்த்தால், மாறியிருந்தது பக்கத்தின் அடியில் உள்ள பார்வையாளர் எண்ணிக்கை மட்டுமே. பக்கம் முழுவதையும் விட்டுவிட்டு, அறிவிப்புகள் வரும் பகுதிக்கு மட்டும் காவல் வைக்கவேண்டும் என்ற ஞானம் அப்போதுதான் பிறந்தது. அடுத்தது தேதி. 05.06 என்று நம் அலுவலகங்கள் எழுதினால் அது ஜூன் 5. அமெரிக்க வழக்கில் பழகிய நிரல் அதை மே 6 என்று வாசித்து, ஒரு மாதம் முன்னதாகவே நம்மை விரட்டும். பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகளில் இந்தப் பிழை வராது என்பதால் சோதனையின்போது இது கண்ணில் படாமலே தப்பிவிடும். நேரத்திலும் அப்படியே: பிற்பகல் 3 மணிக்கு மூடும் ஒப்பந்தப்புள்ளியை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டால், காலண்டர் இரவு 8.30 என்று காட்டும்; அதை நம்பியவன் பெட்டி மூடிய பிறகு போய் நிற்பான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சங்கடம், அறிவிப்புகளைக் காகிதத்தில் அச்சிட்டு, முத்திரை குத்தி, அதைப் புகைப்படம் போல நகலெடுத்து ஏற்றுகிற நம் அலுவலக வழக்கம். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று நிரல் கண்டுகொள்ளும்; உள்ளே எழுதியிருப்பதைப் பிழையின்றி வாசிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே, நான் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டில் எந்திரத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. 'புது அறிவிப்பு, பார்க்கவும்' என்று மறுநாள் காலைக்கு ஒரு குறிப்பு வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. திறந்து படித்து, கடைசி நாளை எழுதுவது மனிதன். காலக்கெடு நீட்டிக்கப்பட்டால் புதுக் குறிப்பு போடாமல், அறிவிக்கை எண்ணை வைத்துப் பழைய குறிப்பையே திருத்தவேண்டும். இல்லையேல் ஒரே காரியத்துக்கு இரண்டு கெடுக்கள் நின்று குழப்பும். பக்கத்தை நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பதும் அநாகரிகம்; நாளைக்கு நான்கு முறை போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு, இது ஒட்டுப்போட்ட வேலை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாளைத் தீர்மானித்தவர்கள் அதை ஒரு படத்துக்குள் புதைத்து வைப்பதும், நாம் எந்திரத்தை ஏவி அதைத் தோண்டி எடுப்பதும் விசித்திரமான விளையாட்டல்லவா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்காமலே தகவலைத் தரவேண்டும் என்றும், உள்ளூர் மொழியையும் அவ்விடத்துக்கு மிகவும் ஏற்ற வழியையும் கருதிப் பரப்பவேண்டும் என்றும் சொல்லுகிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் எல்லாம் அதற்குரிய சாதனங்களாக அங்கேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. நாட்குறிப்புகளைக் கணினிகள் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் முறை 1998-லேயே வகுக்கப்பட்டது. அந்த முறையில் ஓர் அலுவலகம் தன் தேதிகளை வெளியிட்டால், ஒருமுறை இணைத்துக்கொண்டவன் கைப்பேசியில், அவர்கள் தேதியைத் திருத்தும்போதெல்லாம் அதுவும் திருந்திவிடும். காவலும் வேண்டாம், இடைத்தரகரும் வேண்டாம்.

கிராம சபை கூடும் ஆறு நாட்கள், நெல் கொள்முதல் நிலையம் திறக்கும் நாள், ஒப்பந்தப்புள்ளிகளின் கடைசி நாள், சிறப்பு முகாம்கள் ஆகிய இவற்றையாவது இம்முறையில் ஒரு பொதுக் காலண்டராக வெளியிட்டு, அதன் இணைப்பை மாவட்ட இணையதளத்தின் முகப்பிலும், அதே தேதிகளை அச்சிட்ட தாளாக ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்துச் சுவரிலும் வைக்குமாறு காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நவரை அறுவடைக்கு முன் அது நடந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உபகாரமாக இருக்கும்.