பத்து வருஷத்துக்கு ஒருமுறை சரியும் லின்க்ஸ்: எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா?

டேட்டா சயின்ஸ் கோர்ஸ் படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் 'ஆர்' மென்பொருளில் 'லின்க்ஸ்' என்றொரு டேட்டா செட் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மொத்தம் 114 எண்கள். 1821 முதல் 1934 வரை வருஷத்துக்கு ஒன்று. கிராஃப் போட்டுப் பார்த்தால் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும்.

அந்த எண்கள் எல்லாம் தோல் கணக்கு. லின்க்ஸ் என்பது கனடாவின் பனிக்காடுகளில் வாழும் காட்டுப்பூனை. எடை சுமார் 10 கிலோ. காது நுனியில் கறுப்பு முடிக்கற்றை, பனியில் புதையாத அகலமான பாதம். அதன் ரோமத்துக்காகக் கண்ணி வைத்துப் பிடிப்பார்கள். மெக்கன்சி ஆற்றுப் பகுதியில் வருஷம் எத்தனை பிடிபட்டன என்று ஹட்சன் பே கம்பெனி எழுதி வைத்த பேரேடுதான் இன்றைக்கு நம் லேப்டாப்பில் இருக்கிறது.

சில எண்களைப் பாருங்கள். 1885-ல் 4,431. நாலே வருஷத்தில், 1889-ல், வெறும் 39. 1895-ல் மறுபடி 4,031. 1904-ல் 6,991.

1889-ல் அந்தக் காட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். "இனமே அழிந்துவிட்டது" என்று அறிக்கை எழுதியிருப்பீர்கள். 1904-ல் பொறுப்பேற்றிருந்தால், "நிறைய இருக்கு, இன்னும் பிடிக்கலாம்" என்று அனுமதி கொடுத்திருப்பீர்கள். இரண்டுமே தப்பு. ஒரு இரைகொல்லி விலங்கின் கதையை ஒரு வருஷத்து எண்ணிக்கையில் படிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள அந்த விலங்கு எங்கே நடக்கிறது, எந்தப் பனியில் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது?

முதலில் அடிப்படை. லின்க்ஸின் சாப்பாடு பெரும்பாலும் ஒரே ஒரு பிராணிதான்: பனிமுயல். ஒன்றிரண்டு நாளைக்கு ஒரு முயல் கிடைத்தால்தான் அதன் வயிறு நிறையும். முயல் பெருகினால் லின்க்ஸ் குட்டிகள் பிழைக்கும். ஓரிரு வருஷம் கழித்து லின்க்ஸ் உச்சத்துக்குப் போகும். முயல் சரிந்தால் குட்டிகள் பிழைக்காது. பல பெண் லின்க்ஸ்கள் குட்டியே போடாது. இந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றிவர சுமார் பத்து வருஷம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் 1924-லேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்.

சரி, முயல் ஏன் சரிகிறது? புல்லும் குச்சியும் தீர்ந்துபோவதாலா, வேட்டையாடப்படுவதாலா? யூகான் பகுதியில் உள்ள க்ளுவானி ஏரி அருகே சார்லஸ் கிரெப்ஸ் குழு 1986-ல் ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கியது. ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள காட்டுத் துண்டுகள். ஒன்றில் முயலுக்குக் கூடுதல் தீனி. ஒன்றில் வேலி போட்டு லின்க்ஸ் போன்ற தரைவழி வேட்டை விலங்குகளை வெளியே நிறுத்தினார்கள். இன்னொன்றில் இரண்டும்.

உச்சத்திலும் சரிவிலும் தீனி போட்ட இடத்தில் முயல் மூன்று மடங்கு. வேலி போட்ட இடத்தில் இரண்டு மடங்கு. இரண்டையும் செய்த இடத்தில் 11 மடங்கு! ஆக, தீனியும் வேட்டையும் கைகோத்துத்தான் இந்தச் சக்கரத்தைச் சுற்றுகின்றன.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கனடா கிழக்கு மேற்காக 5,000 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய நாட்டில் லின்க்ஸ்கள் ஏன் ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் ஏறி, ஒரே காலகட்டத்தில் இறங்க வேண்டும்? ஒரு மூலையில் இருக்கும் பூனைக்கு இன்னொரு மூலையில் நடப்பது எப்படித் தெரியும்?

முதல் பதில்: நடை

முயல் தீர்ந்ததும் லின்க்ஸ் உட்கார்ந்து பட்டினி கிடப்பதில்லை. கிளம்பிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனவை பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1999 முதல் 2006 வரை 218 லின்க்ஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2003-ல் அங்கே விடப்பட்ட ஓர் ஆண் லின்க்ஸ், 2010-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கண்ணியில் சிக்கியது. இடையே சுமார் 2,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லியை நெருங்குகிற தூரம். ஒரு பூனை, தனியாக, கால்நடையாக!

இந்த நடைக்கு மரபணுவிலும் சாட்சி உண்டு. மைக்கேல் ஷ்வார்ட்ஸ் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 3,100 கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் லின்க்ஸ்கள்கூட மரபணு அளவில் நெருக்கமாகவே இருந்தன. ஓர் இடத்தில் பெருகியவை பக்கத்து இடத்துக்குப் போகின்றன. அங்கிருந்து அடுத்த இடத்துக்கு. இப்படித்தான் தூரத்துக் காடுகளின் ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது பதில்: பனி

1953-ல் ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் பி.ஏ.பி. மொரான் இதே லின்க்ஸ் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு வேறொரு யோசனை சொன்னார். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே எந்தப் போக்குவரத்தும் இல்லாவிட்டாலும், இரண்டுக்கும் உள்ளூர் விதிகள் ஒன்றாக இருந்து, ஒரே மாதிரி வானிலை அடித்தால் போதும். ஏற்ற இறக்கம் ஒத்துப்போய்விடும். இன்று இதற்கு 'மொரான் விளைவு' என்றே பெயர்.

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் நில்ஸ் ஸ்டென்செத் குழு 1999-ல் இதை இன்னும் கூர்மையாக்கியது. லின்க்ஸ்களின் ஏற்ற இறக்க முறையைப் பார்த்தால் கனடா மூன்றாகப் பிரிகிறது: பசிபிக் பக்கம், நடுக்கண்டம், அட்லாண்டிக் பக்கம். மரவகையை வைத்துப் பிரிப்பதைவிடக் காலநிலையை வைத்துப் பிரிப்பதே கணக்குக்குப் பொருந்தியது. காரணம், குளிர்காலப் பனியின் தன்மையாக இருக்கலாம் என்கிறார்கள். நடுவில் ஓரிரு நாள் வெயில் அடித்து, பனி உருகி, மறுபடி உறைந்தால் மேலே ஓடு மாதிரி கெட்டியாகிவிடும். பஞ்சுப்பனியில் முயலைத் துரத்துவதும், ஓட்டுப்பனியில் துரத்துவதும் ஒன்றில்லை. கால் எவ்வளவு புதைகிறது என்பதே வேட்டையின் வெற்றி தோல்வியை மாற்றும்.

இன்னொன்று. ஹட்சன் விரிகுடாவுக்குத் தெற்கே மலையும் இல்லை, கடலும் இல்லை. ஆனாலும், அங்கே கிழக்கு லின்க்ஸுக்கும் மேற்கு லின்க்ஸுக்கும் நடுவே மரபணுவில் ஒரு கோடு தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத வேலி! பழகிய பனியைவிட்டு வேறுவகைப் பனிக்குள் போக லின்க்ஸ் தயங்குகிறது என்பது ஸ்டென்செத் குழுவின் விளக்கம்.

அப்படியென்றால் நடையா, பனியா? என் வாசிப்பில், இரண்டும் ஒரே பதிலின் இரண்டு பாதிகள். நடை, கூட்டங்களை இணைக்கிறது. எங்கே நடக்க முடியும் என்பதைப் பனி தீர்மானிக்கிறது.

இதனால் யாருக்கு என்ன?

விஷயம் இங்கேதான் சூடாகிறது. அமெரிக்காவின் வடக்கு எல்லை மாநிலங்களில் இருக்கும் லின்க்ஸ் கூட்டங்கள் சின்னவை. கனடாவில் உச்சம் வந்து, மிச்சம் தெற்கே நடந்து வரும்போது அவற்றுக்குப் புது ரத்தம் கிடைக்கிறது. 1960-களிலும் 1970-களிலும் அப்படி ஓர் அலை வந்தபோது, காடே இல்லாத புல்வெளிகளில்கூட லின்க்ஸ் தென்பட்டது. அலை வந்த வருஷம் கணக்கெடுத்தால் "அடேயப்பா, எவ்வளவு!" என்போம். அலை போன வருஷம் எடுத்தால் "ஐயோ" என்போம்.

2000-ல் அமெரிக்க அரசு லின்க்ஸை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. 2018-ல் அதே அரசின் வனவிலங்குத் துறை, இனி இந்தப் பாதுகாப்பு தேவையில்லை என்றது. வழக்கு போட்டார்கள், 2021-ல் பாதுகாப்பு தொடரும் என்று முடிந்தது. இந்த இழுபறியில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பத்து வருஷம் சுற்றும் சக்கரத்தை எந்த முனையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறக் கூடாது.

அதற்காக "இறங்கினால் தானே ஏறும், விடுங்க" என்று சும்மா இருக்கவும் முடியாது. ஷேர் மார்க்கெட்டில் "எஸ்.ஐ.பி. போட்டுட்டு மறந்துடு" என்பார்களே, அந்த யோசனை இங்கே செல்லாது. கிராஃப் மறுபடி ஏறியதற்கு இரண்டு காரணம்: பள்ளத்தில் கொஞ்சம் பேர் மிச்சம் இருந்தார்கள், வெளியிலிருந்து நடந்து வர வழி இருந்தது. இந்த இரண்டும் இருக்கும்வரைதான் இறக்கத்துக்குப் பிறகு ஏற்றம்.

இப்போது அந்த இரண்டுமே ஆட்டம் காண்கின்றன. பனிக்காலம் சுருங்குகிறது. குளிர்காலத்துக்கு வெள்ளையாக மாறும் முயல், பனி இல்லாத பழுப்பு மண்ணில் பளிச்சென்று நிற்கிறது. நிறம் பொருந்தாத முயல்கள் பிழைக்கும் வாய்ப்பு வாரத்துக்கு 7 சதவீதம்வரை குறைவதாக மொன்டானா ஆய்வில் தெரிந்தது. பனி ஆழம் குறைந்தால், ஆழப்பனியில் நடக்கத் திணறும் கொயோட்டியும் பாப்கேட்டும் லின்க்ஸின் பேட்டைக்குள் வந்துவிடும். கூடவே நெடுஞ்சாலை, காட்டுத்தீ, மரம் வெட்டிய வெற்றிடம்.

செய்ய வேண்டியது பெரிய ரகசியம் இல்லை. சரிவுக் காலத்தில் சில வருஷம் கண்ணியை நிறுத்துங்கள் என்று பிராண்ட், கீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-லேயே சொல்லிவிட்டார்கள். உச்சத்தில் பிடிப்பதைவிட, பள்ளத்தில் பிடிக்கும் ஒவ்வொன்றும் பல மடங்கு நஷ்டம். அடுத்து, ஒரு பூங்காவை மட்டும் காப்பாற்றினால் போதாது. பூங்காவுக்கும் பூங்காவுக்கும் நடுவே உள்ள பாதையைக் காப்பாற்ற வேண்டும். மூன்றாவது, அறிக்கை எழுதுவதற்கு முன் குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது காத்திருந்து எண்ண வேண்டும்.

அடுத்த முறை "இந்த விலங்கு 40 சதவீதம் குறைந்தது", "அந்த விலங்கு இரண்டு மடங்கானது" என்று போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால், ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எத்தனை வருஷக் கணக்கு இது? போனவை செத்தனவா, நடந்து போயினவா? திரும்பி வர வழி இருக்கிறதா?

1889-ல் அந்தப் பேரேட்டில் 39 என்று எழுதிய குமாஸ்தாவுக்கு இந்தக் கேள்விகள் தெரியாது. ஆனாலும் லின்க்ஸ் திரும்பி வந்தது. அன்றைக்கு வழி திறந்திருந்தது.