கனடா காசும் மாட்டுப் பல்லும்

டொரண்டோவில் இருக்கும் மச்சான் பழைய கனடா காசு சேர்க்கிறவர். புத்தகத்தில் தரவாரியாகப் போட்டிருக்கும் படங்களோடு காசை ஒப்பிட்டு அவரே தரம் பிரிக்கிறார். நல்ல வழிதாங்க. ஆனா ஒரே ஒரு படத்தை நம்பி விலை பேசக் கூடாது என்பது என் கட்சி.

ஐந்தாம் ஜார்ஜ் காசில் (1911 முதல் 1936 வரை) பார்க்க வேண்டிய இடம் கிரீடப் பட்டை. வருஷமும் எழுத்தும் பளிச்சுன்னு இருக்கேன்னு மயங்க வேண்டாம். பட்டையில் இருக்கும் மணிகள் தனித்தனியா தெரியுதா, மழுங்கிடுச்சான்னு பாருங்க. விக்டோரியா ராணி காசு என்றால் காதுப் பக்கத்து முடி. மாட்டுக்குப் பல் பிடிச்சுப் பார்க்கிறோமே, அதே கதைதான்.

ஏமாத்துறது வெளிச்சம். புளி போட்டுத் தேய்ச்ச காசு போட்டோவில் புதுசு மாதிரி மின்னும். விளக்கடியில் சாய்ச்சாத்தான் மயிரிழைக் கீறல் தெரியும். தெரிஞ்சா சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். அச்சு சரியா விழாத காசும் உண்டு. பார்வைக்குத் தேய்ஞ்ச மாதிரியே இருக்கும், ஆனா அந்த இடத்தில் உலோகத்தின் மினுமினுப்பு போயிருக்காது. இதைப் படம் சொல்லாதுங்க.

உங்ககிட்ட இருந்தா, ஒவ்வொரு தரத்துக்கும் நாலைந்து காசோட படத்தை வைத்து ஒப்பிடுங்க. காசை ஓரத்தில் மட்டும் பிடிங்க. தயவுசெய்து விளக்க மட்டும் வேண்டாம்.