அதற்குப் பெயர் குளமா?

எங்கள் செந்துறைப் பக்கம் குளம் என்றால் மாடு குளிப்பாட்டலாம், துணி துவைக்கலாம், வற்றினால் இறங்கி மீன் பிடிக்கலாம். ஜார்க்கண்டின் ஜாதுகோடாவிலும் மூன்று "குளங்கள்" இருக்கின்றன. யுரேனிய ஆலையின் கழிவுச் சேற்றைக் கொட்டி வைத்திருக்கும் இடத்துக்கு "டெய்லிங் பாண்ட்" என்று பெயர் வைத்தவர் பெரிய கில்லாடிதான்!

இந்திய யுரேனியம் கழகம் என்ற அரசு நிறுவனம் 1967ல் ஆரம்பித்தது. ஜாதுகோடாவில் ஒரு டன் கல்லை உடைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. கல்லை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சமெல்லாம் சேறு. யுரேனியத்தைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் என்ன பயம் என்று கேட்பீர்கள். தோரியம்-230, ரேடியம் எல்லாம் சேற்றிலேயே தங்கிவிடுகின்றன. கல்லில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அங்கேதான் கிடக்கிறது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். நம்ம கங்கைகொண்ட சோழபுரத்துக்கே ஆயிரம் வருஷம்தான் ஆகிறது!

"அந்த மலையில் யுரேனியம் காலங்காலமாக இருப்பதுதானே" என்று ஒரு வாதம் வைப்பார்கள். இருந்தது சார், பாறைக்குள் இருந்தது. இப்போது காற்றில் பறக்கிற, தண்ணீரில் கரைகிற மாவாக வெளியே இருக்கிறது. 2006 டிசம்பரில் டுங்ரிடி என்ற ஊருக்குப் பக்கத்தில் கழிவுக் குழாய் வெடித்து, பல மணி நேரம் சேறு ஓடையில் ஓடியது.

சரி, கடைசியில் இதைச் சுத்தம் செய்யப்போவது யார்? அமெரிக்காவில் மோவாப் என்ற ஊரில், கொலராடோ ஆற்றங்கரையில், ஒரு யுரேனிய ஆலை 1.6 கோடி டன் கழிவை விட்டுவிட்டுப் போனது. அட்லஸ் என்ற அந்தக் கம்பெனி 1998ல் திவால். 2009லிருந்து அந்தக் குவியலை ரயிலில் ஏற்றி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தது அரசாங்கம், அதாவது வரி கட்டுகிற ஜனம். கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் சுரங்கங்களைச் சுத்தம் செய்ய 1991லிருந்து 600 கோடி யூரோவுக்கு மேல் செலவாகிவிட்டது.

நமக்கு இது புரியாத கதை இல்லை. அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கல் சிமெண்ட் மூட்டையாகிப் போய்விடும், பள்ளம் மட்டும் ஊரிலேயே கிடக்கும். அது வெறும் பள்ளம் என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம்... ஜாதுகோடாவின் சந்தால், ஹோ ஆதிவாசிகளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

எனக்கு அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையே இங்கே தேவையில்லை. வேண்டும் என்கிறவர்தான் முதலில் கணக்கு காட்ட வேண்டும்: ஜாதுகோடாவை மூடிச் சுத்தம் செய்ய எத்தனை கோடி ஆகும், அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, ஆலை நின்ற பிறகு எத்தனை வருஷம் யார் காவல் காப்பார்கள்? இதையெல்லாம் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கேட்பதற்கு இருந்த ஒரே இடம் கருத்துக்கேட்புக் கூட்டம். அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அதுவும் வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டுவிட்டது.