அப்பாவின் தோல் சட்டை

நம் வீடுகளில் பெரியவர் துணி சிறியவருக்கு வருவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்காள் பாவாடை தங்கைக்கு என்பது குடும்ப தர்மம். பாவாடை நீளமா? கீழே இரண்டு 'டக்' பிடித்தால் ஆயிற்று. பெண் வளர வளர, வருஷத்துக்கு ஒரு டக்காகப் பிரித்து விடுவார்கள். பிரித்த இடத்தில் நிறம் கொஞ்சம் பளிச்சென்று தெரியும். நாலு சலவையில் அதுவும் மறைந்துவிடும். பருத்தித் துணியைப் போன்ற பொறுமைசாலி உலகத்தில் வேறொன்று இல்லை.

ஆனால் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது தோல் சட்டையாக இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி நமக்குத் தானாகத் தோன்றியதன்று. பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்தது. "ஒரு ஜாக்கெட்டைச் சிறிதாக்க வேண்டும், நல்ல தையற்காரர் யாராவது தெரியுமா?" என்று கேட்டார். ஜாக்கெட் என்றதும் நம் புத்தி ரவிக்கையின் பக்கம் போயிற்று. "அந்த விஷயத்தில் எங்களுக்கென்ன தெரியும்?" என்று திருதிருவென்று விழித்தோம். அம்மாள் சிரித்துவிட்டு, பழைய வேஷ்டியில் சுற்றியிருந்த மூட்டையை அவிழ்த்தார். உள்ளே கறுப்புத் தோல் சட்டை ஒன்று இருந்தது.

டில்லியில் பல வருஷம் உத்தியோகம் பார்த்த அவருடைய கணவர், குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிளில் ஆபீஸ் போவதற்காக வாங்கியது அது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இப்போது பிள்ளைக்கு டில்லியில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பாவின் சட்டை இருக்கும்போது புதிதாக வாங்குவானேன் என்பது தாயாரின் எண்ணம். அப்பாவின் சட்டையைத் தவிர வேறெதையும் போடமாட்டேன் என்பது பிள்ளையின் எண்ணம். இப்படி இருவரும் ஒத்துப்போன பிறகும் ஓர் இடைஞ்சல் இருந்தது. சட்டை அவனைப் போட்டுக்கொண்டதே தவிர, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பையனின் சிநேகிதன் ஒருவன் இதற்குள் ஓர் உபதேசம் செய்திருந்தான். சட்டையைக் கொதிக்கும் நீரில் அமிழ்த்தி, வெயிலிலோ நெருப்பருகிலோ காயவைத்தால் சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளுமாம். நல்ல வேளையாக, வாளியில் தண்ணீர் பிடிப்பதற்கு முன் அம்மாள் நம்மிடம் வந்துவிட்டார்.

ஈரத் தோல் வெப்பத்தில் சுருங்கும் என்பது வாஸ்தவமே. பதனிடாத தோல் ஈரமாக இருக்கையில் சுமார் 60 பாகை சென்டிகிரேடைத் தாண்டினால் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் 80 பாகை வரையில் தாக்குப்பிடிக்கும். குரோமிய உப்பினால் பதனிட்டதோ கொதிநீரையும் பெரும்பாலும் தாங்கும். இந்தக் குரோம் தோல் நமக்கு அந்நியமானதல்ல. சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். அடையாறில் 1948-ஆம் வருஷம் தோல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய நிலையம் ஒன்று ஏற்பட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தொழிலை நம்பி வாழ்கின்றன.

இன்று சட்டைக்காகும் தோலில் பெரும்பகுதி குரோம் பதனிட்டதே. ஆகவே கொதிநீரில் போட்டால், விரும்பிய அளவுக்குச் சட்டை சுருங்காது. பதனிடும்போது ஊட்டிய எண்ணெய்ப் பசை கழன்றுபோகும், சாயம் போகும், உள் அஸ்தர் ஒரு பக்கம் இழுக்கும், தோல் ஒரு பக்கம் இழுக்கும். நெருப்பருகில் உலர்ந்த பிறகு சட்டை விறைத்து, மடித்த இடமெல்லாம் வெடிக்கும். சட்டை சிறிதாவதற்குப் பதில் பலகையாகிவிடும்!

ஆகையால் மறுநாள் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பெரியமேட்டுக்குப் போனோம். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன அந்தப் பேட்டையில், ஒரு சந்தின் மாடியில், தோல் தைத்தே தலை நரைத்த பாய் ஒருவர் இருக்கிறார். அவர் முதலில் மூட்டையைத்தான் பார்த்தார். "பிளாஸ்டிக் பையில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்தீர்களே அம்மா, அதனால் பூஞ்சை பிடிக்காமல் தப்பியது" என்றார். பிறகு பையனைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார்.

அவர் பார்த்த வரிசையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் தோள். தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். இரண்டு விரற்கடை கீழே இறங்கினாலும் கை பார்க்க வேண்டியதில்லை. அதற்குமேல் இறங்கினால், கையைக் கழற்றித் தோளை வெட்டி மறுபடி பொருத்த வேண்டும். பாதிச் சட்டையைப் புதிதாகத் தைப்பதற்கு அது சமானம். இரண்டாவது பக்கத் தையல். அக்குளிலிருந்து இடுப்பு வரை பிடித்துத் தைப்பது சுலபம். ஆனால் பக்கத்துக்கு ஓர் அங்குலத்தைத் தாண்டினால் முன்புறத்துப் பைகள் முதுகுப் பக்கம் ஓடிப்போகும். மூன்றாவது கை நீளம். மணிக்கட்டில் ஜிப் இல்லாவிட்டால் நுனியில் குறைக்கலாம். இருந்தால் தோளிலிருந்துதான் குறைக்க வேண்டும்.

"சரி, பக்கத்தில் பிடித்துத் தைத்துவிடுங்கள்" என்றான் பையன், அவசரமாக.

பாய் ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் நுனி உளிபோல் பட்டையாயிருந்தது. "தம்பி, துணியில் ஊசி நூலை விலக்கிக்கொண்டு போகும். தோலில் அறுத்துக்கொண்டு போகும். அறுத்த துளை மூடாது. அதனால்தான் குண்டூசிகூடக் குத்தாமல், துணி உலர்த்தும் கிளிப்பைப் போட்டு அளவு பார்க்கிறோம். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி அங்கேயே கிழியும். மூன்று நாலு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இன்று பிடித்துத் தைத்து, நாளைக்குப் பிரித்தால், துளை வரிசை சட்டை உள்ளளவும் நிற்கும்" என்றார்.

பாவாடை டக்குக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பேச்சில் நமக்கு விளங்கிற்று.

அப்புறம் அவர் சட்டையின் கையைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். முழங்கை மடிந்து மடிந்து தோலில் ஆழமான வரிகள் விழுந்திருந்தன. அவை பையனின் முழங்கையில் இல்லை. அதற்கு மூன்று விரற்கடை கீழே, முன்கையில் கிடந்தன.

"இது அப்பாவின் முழங்கை" என்றார் பாய்.

அம்மாள் ஒன்றும் பேசவில்லை. அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் என்ன உயரம் இருந்தார் அம்மா?"

"எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவார்."

"தம்பிக்கு வயது?"

"பதினேழு முடிந்துவிட்டது."

பாய் பையனின் மணிக்கட்டையும் பாதத்தையும் ஒரு பார்வை பார்த்தார். "கை கால் இவ்வளவு பெரிதாயிருக்கிறது, உடம்பு இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு வருஷம் போகட்டும். இன்றைக்கு நான் தோலில் ஊசி போட்டால் உங்களிடம் கூலி வாங்கலாம், அப்புறம் தம்பி என்னை ஏசும்" என்றார்.

பையனின் முகம் வாடியது. "அப்படியானால் இந்தக் குளிருக்கு?"

அதற்கும் பாயிடம் வழி இருந்தது. தோலைத் தொடாமல், நைந்து போயிருந்த அஸ்தரைப் பிரித்து எடுத்தார். அதற்குப் பதிலாகப் பஞ்சு வைத்துத் தைத்த கனமான அஸ்தர் ஒன்றை வெட்டி, பழைய துளைகளிலேயே கையால் கோத்துத் தைத்தார். தோளில் சட்டை தொய்யாதிருக்க மெல்லிய மெத்தை ஒன்று உள்ளே வைத்தார். இடுப்புக்கு நேராக அஸ்தரில் ஓர் உறை மடித்து, அதற்குள் நாடா கோத்தார். இழுத்து முடிந்தால் சட்டை உடம்போடு வரும். கை நுனியை ஓர் அங்குலம் உள்ளே மடித்து, தோலில் துளை விழாமல் அஸ்தரோடு மட்டும் பிடித்துவிட்டார். நாலு நாள் கழித்துப் போனபோது சட்டை சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பையன் அதற்குள் தொலைந்துபோகவில்லை. வடக்கே போனதும் உள்ளே கம்பளிச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் மீதி இடமும் அடைந்துவிடும் என்றார் பாய்.

வளர்ந்து முடிந்த பெரியவர்களுக்கு இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. பக்கத் தையலைத் தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் கம்பளியோ, சட்டையோ, வழக்கமாக உள்ளே போடுவதைப் போட்டுக்கொண்டே அளவு கொடுக்க வேண்டும். கை வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பிடித்தது போக மிஞ்சிய தோலை வெட்டி எறியாமல், உள்ளே மடித்துப் பசை வைத்து ஒட்டச் சொல்ல வேண்டும். தையலை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தாமல் சிறு சுத்தியலால் தட்டிப் படியவைக்கச் சொல்ல வேண்டும். கொதிநீர் யோசனை சொல்லும் சிநேகிதர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் அம்மாள், "வெட்டிவிடுவார்கள் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்தேன்" என்றார். பையனோ சட்டையைக் கழற்ற மனமில்லாமல், சென்னை வெயிலில் வேர்த்து வழிய நடந்துகொண்டிருந்தான். கையை மடக்கி மடக்கி, அப்பாவின் முழங்கை வரி தன் கைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று விரலால் அளந்து பார்த்துக்கொண்டான்.

"மூன்று விரற்கடை" என்றான்.